வலிக்காத பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்?

திருமங்கலத்தில் இருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். கீமோ சுற்றுகள் முடிந்து நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. ரத்தத்தை உருவாக்குகிற அவருடைய சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்து, இன்னும் ஐந்து வாரத்தில் மாற்று சிகிச்சை செய்வதாகத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பல் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் பார்த்த பல் மருத்துவர் நான்கு பற்களை எடுக்க வேண்டும் என்கிறார். அப்பாவோ, "எனக்குத்தான் பல்லே வலிக்கலையே" என்கிறார். கேன்சர் உடம்பில் பல்லைத் தொட்டால் நோய் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தார் வேறு பயமுறுத்துகிறார்கள். எடுக்கலாமா, வேண்டாமா?

நான் மதுரையில் பல் வைத்தியம் பார்க்கிறவன். மாற்று சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொண்டு, கையில் ஒரு சீட்டோடு வந்து உட்காருகிறவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பா சொன்ன அதே வாக்கியத்தோடுதான் வருவார்கள்.

அக்கம்பக்கத்துப் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். பல் எடுப்பதால் ரத்தப் புற்றுநோய் பரவாது. மைலோமா ஏற்கெனவே உடம்பு முழுக்க எலும்பு மஜ்ஜையில் இருக்கிற நோய். பல்லைத் தொட்டதால் அது புதிதாக எங்கும் போகப்போவதில்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பது பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. புகையிலை போடுகிறவருக்கு ஈறில் புற்று வந்து, அதனால் பல் ஆடும். அது தெரியாமல் பல்லை எடுப்பார்கள். புண் ஆறாது. சதை எடுத்துப் பார்த்தால் புற்று என்று வரும். "பல்லைப் பிடுங்கினான், கேன்சர் வந்துருச்சு" என்று ஊரில் கதை நிற்கும். வரிசை தலைகீழ், அவ்வளவுதான்.

இனி அப்பாவின் கேள்வி. மாற்று சிகிச்சை என்றதும் நிறையப் பேர் ஆபரேஷன் என்று நினைக்கிறார்கள். கத்தியே கிடையாது. முதலில் ஸ்டெம் செல்லை ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைப்பார்கள். அப்புறம் மெல்ஃபலான் என்ற மருந்தைப் பெரிய அளவில் ஏற்றுவார்கள். அது மஜ்ஜையை அடியோடு வழித்துவிடும். ஒன்றிரண்டு நாள் கழித்து, எடுத்து வைத்த செல்லை ரத்தம் ஏற்றுவது போலவே ரத்தக்குழாய் வழியாகத் திருப்பி ஏற்றுவார்கள். அந்தச் செல்கள் மஜ்ஜையில் போய்க் குடியேறி வெள்ளணுக்களைத் தயாரிக்க ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500க்குக் கீழே போய்விடும், சிலருக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். சரியாக அதே நாட்களில், அதே மருந்தால் வாயின் உட்தோல் உரிந்து புண்ணாகிறது. வாயில் எப்போதும் சாதுவாகக் குடியிருக்கிற விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரியான கிருமிகள் அந்தப் புண் வழியாக ரத்தத்துக்குள் இறங்கிவிடும். தடுக்க ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போவதால், சாதாரண நாளில் ஒன்றும் செய்யாத கிருமி அப்போது ஐ.சி.யூ. வரை கொண்டு போகும்.

பல்லில் ஒளிந்திருக்கிற சீழுக்கும் இதே கதைதான், ஒரு திருப்பத்தோடு. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த வெள்ளணுக்கள்தான். வெள்ளணுவே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? கன்னம் வீங்காது, ஈறு சிவக்காது, பல சமயம் வலியும் பெரிதாக இருக்காது. வெறும் காய்ச்சல் மட்டும் வரும். வார்டில் நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், ரத்தக் கல்ச்சர் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பல்லில் இருப்பது சுலபத்தில் பிடிபடாது. அப்படியே பிடிபட்டாலும் அன்றைக்குப் பல்லை எடுக்க முடியாது, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களும் குறைந்திருப்பதால் ரத்தம் நிற்காது. அதனால்தான் முன்கூட்டியே காட்டச் சொல்கிறார்கள்.

வலிக்காத பல் நல்ல பல் இல்லையா என்றால், இல்லை. பல்லின் நரம்பு செத்துப்போனால் வலி நின்றுவிடும். "போன வருஷம் ஒரு வாரம் உயிர் போச்சு, கிராம்பு வெச்சேன், சரியாப் போச்சு" என்பார்கள். சரியாகவில்லை, நரம்பு செத்துவிட்டது. இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டுகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தால் அந்தப் பல்லின் வேர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் தெரியும். எலும்பு கரைந்த இடம் அது. நான் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பிறகு வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் காம்பால் பற்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுவேன். நல்ல பல்லில் ஒன்றும் இருக்காது. அந்தப் பல்லில் தட்டியதும் புருவம் லேசாகச் சுருங்கும். "இப்ப லேசா கூசுது டாக்டர்" என்பார் மனிதர், ஆச்சரியத்தோடு. ஓ.பி.ஜி. எடுக்க ஐந்து நிமிடம் போதும். எடுக்காமலே நான்கு பல் என்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் படத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் ஊர் டாக்டர் பக்கம்தான். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் இல்லாதது எனக்கு உறுத்துகிறது. அப்பாவுக்கு மாதம் ஒரு தடவை எலும்புக்கு என்று ஊசி போட்டார்களா? மைலோமா எலும்பை அரிக்கிற நோய் என்பதால் பெரும்பாலோருக்கு சோலட்ரோனிக் ஆசிட் என்ற மருந்தைக் கால் மணி நேரம் போல டிரிப்ஸில் ஏற்றுவார்கள், அல்லது டெனோசுமாப் என்ற ஊசியைத் தோலுக்கு அடியில் போடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பெயர்களைத் தேடுங்கள். கீமோவைப் பற்றி எல்லாரும் பல் டாக்டரிடம் சொல்லிவிடுவார்கள். "எலும்புக்குச் சத்து ஊசி" என்று நினைத்து இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பல் எடுக்கிறவருக்குக் கீமோவைவிட இதுதான் முக்கியம்.

காரணம் இது. அந்த மருந்து எலும்பு கரைவதைத் தடுக்கிறது. முதுகெலும்புக்கு அது வரம். ஆனால் பல் எடுத்த குழி ஆறுவதற்குப் பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து புதிது வளர்ந்தாக வேண்டும். அது நடக்காவிட்டால் தாடை எலும்பு ஈறுக்கு வெளியே துருத்திக்கொண்டு, மாதக்கணக்கில் மூடாமல், செத்த எலும்பாக நிற்கும். கீழ்த்தாடையில்தான் அதிகம். எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால் அதற்கு மருந்தால் வந்த தாடை எலும்பு அழுகல் என்று பெயர். சோலட்ரோனிக் ஆசிட் வகை மருந்துக்கும் தாடைக்கும் உள்ள தொடர்பை 2003ல்தான் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர் எழுதினார். ஆனால் நோயின் முகம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் புகையில் வேலை பார்த்தவர்களுக்குத் தாடை இதே மாதிரி அழுகியது. நம் பக்கத்துச் சிவகாசி தப்பித்தது காலத்தால்தான்: வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியாவில் 1913ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது அதற்கும் சுமார் பத்து வருடம் கழித்து.

பயந்துவிடாதீர்கள். ஊசி போட்டவர் எல்லாருக்கும் இது வருவதில்லை, நூறு பேரில் ஒரு சிலருக்குத்தான். அதற்காகச் சீழ் பிடித்த பல்லை அப்படியே வாயில் விட்டு வைப்பதும் தப்பு. அந்தச் சீழே தாடை அழுகலுக்கு ஒரு காரணம். நான் செய்வதைச் சொல்கிறேன். ஊசி போட்டவருக்கு, பல்லை எடுக்காமல் தீர்க்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். வேர் சிகிச்சை செய்து, உள்ளே இருக்கிற அழுக்கை எடுத்து அடைத்துவிட்டால் எலும்பைத் தொட வேண்டியதில்லை. மேல் பகுதி முழுக்கச் சொத்தையாகி உடைந்துபோன பல்லாக இருந்தால், வேரை மட்டும் சுத்தம் செய்து அடைத்து, ஈறு மட்டத்துக்குச் சீவி விட்டுவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பத்திரம். எடுத்தே ஆக வேண்டிய பல் என்றால், ஆன்டிபயாடிக் கொடுத்து, எலும்பை அதிகம் சிதைக்காமல் மெதுவாக எடுத்து, கூர்முனைகளைத் தேய்த்து, ஈறை இழுத்துத் தையல் போட்டு மூடுவோம். அடுத்த எலும்பு ஊசியை எப்போது போடுவது என்பதை மட்டும் ரத்தநோய் மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது நாள் கணக்கு. கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பந்தக்கால் நடுகிற மாதிரி, இதையும் பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும். பல் எடுத்த குழியின் மேல் ஈறு மூடுவதற்குக் குறைந்தது 10 முதல் 14 நாள் வேண்டும். அந்த நாட்கள் மெல்ஃபலான் ஏற்றும் நாளுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது, எலும்பு ஊசி போட்டவருக்கு நிச்சயமாக. உங்களுக்கு ஐந்து வாரம் இருக்கிறது என்றீர்கள். ஆனால் நடுவில் ஸ்டெம் செல் சேகரிக்கச் சில நாள், செல்களைப் பெருக்குகிற வளர்ச்சி ஊசி போட்டு, மெஷினில் உட்கார வைப்பார்கள். அதையும் கழித்தால் பல் எடுக்க உங்களிடம் இருப்பது இந்த வாரமும் அடுத்த வாரமும்தான். ஆகவே நாளை நாளை என்று தள்ளாதீர்கள். நேரம் போதவில்லை என்றால், பல்லுக்காக மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லி நீங்கள் கேட்கவும் கூடாது. நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கிற காலம் கையில் இருக்கும்போது அதை விடக் கூடாது. அப்போது ஆபத்தான பல்லை மட்டும் கவனித்து, மற்றதற்கு ஆன்டிபயாடிக் துணையோடு போவார்கள்.

பல் எடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் ரத்தப் பரிசோதனை கட்டாயம். பிளேட்லெட் 50,000க்கு மேலும், நியூட்ரோஃபில் 1,000க்கு மேலும் இருந்தால் சாதாரணமாக எடுக்கலாம். குறைந்தால் பிளேட்லெட் ஏற்றி, மருத்துவமனையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், கிளினிக்கில் வேண்டாம். போன மாத ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள், கீமோ எடுக்கிறவருக்கு ஒரு வாரத்தில் கணக்கே மாறிவிடும்.

இந்தப் பாடத்தை நான் தப்பு செய்துதான் படித்தேன். படித்து முடித்த புதிதில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன், இருபது வயதிருக்கும், ஈறு வீங்கிப் பல்லையே பாதி மூடியிருக்கிறது என்று வந்தான். கொஞ்சம் வெளிறிய முகம். பற்காறைதான் காரணம் என்று நினைத்து, ரத்தப் பரிசோதனை எழுதாமல் ஸ்கேலிங் செய்து அனுப்பினேன். இரவு பதினொரு மணிக்குத் திரும்பி வந்தான், வாயில் வைத்திருந்த துண்டு நனைந்து சிவப்பாகியிருந்தது. விடியும் வரை நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் பார்த்தபோது பிளேட்லெட் பத்தாயிரத்தைத் தொடவில்லை, லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். மைலாய்டு வகையில் சிலவற்றில் புற்றுச் செல்களே ஈறுக்குள் புகுந்து இப்படி வீங்க வைக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். பையன் பிழைத்தான், சிகிச்சைக்குப் போனான். அன்றிலிருந்து, காரணமில்லாமல் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் முதலில் ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான் எழுதுகிறேன்.

சரி, நான்கு பல். எதை எடுப்பது, எதை விடுவது? வாயைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் எப்படி யோசிப்போம் என்று சொல்கிறேன். வேர் நுனியில் கறுப்பு வட்டமும், அடிக்கடி வீங்கிய சரித்திரமும் உள்ள பல் வேர் சிகிச்சைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். விரலால் அசைத்தால் நாலாபக்கமும் ஆடுகிற, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுக் கம்பி எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்குகிற பல்லைக் காப்பாற்ற நேரம் இல்லை. ஞானப்பல் பாதி முளைத்து, மேலே சதை மூடி, அடிக்கடி வீங்கினால் எடுக்க வேண்டும். முழுக்க எலும்புக்குள் புதைந்து எந்தத் தொந்தரவும் தராத ஞானப்பல்லைத் தோண்டி எடுக்கக் கூடாது, அதுவும் எலும்பு ஊசி போட்டவருக்கு. பல வருடம் முன் வேர் சிகிச்சை செய்து, அறிகுறி எதுவும் இல்லாமல் இருக்கிற பல்லை, படத்தில் சின்ன நிழல் இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை. சாதாரணச் சொத்தையை அடைத்தால் போதும். கூர்மையாக உடைந்து நாக்கில் கீறுகிற முனையைத் தேய்த்துவிட வேண்டும். இது ஐந்து நிமிட வேலை, ஆனால் வாய் புண்ணாகிற நாட்களில் இதன் அருமை தெரியும். பிறகு ஒரு ஸ்கேலிங். முன்பெல்லாம் சந்தேகப்பட்ட பல்லை எல்லாம் எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. நான்கில் இரண்டு மிஞ்சினாலும் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

இன்னொருவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் மதுரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பெரியாஸ்பத்திரியிலும் பல் பிரிவு இருக்கிறது, கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும், மாற்று சிகிச்சை செய்கிற மருத்துவரும் பல் எடுக்கிறவரும் ஒரு தடவையாவது போனில் பேசிக்கொள்ளும்படி செய்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டு தூக்கிக்கொண்டு அலைவது வீட்டார் வேலை என்று ஆகிவிட்டது. சீட்டில் எழுதாமல் விட்டதில்தான் பெரும்பாலும் வில்லங்கம்.

மாத்திரை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் இல்லை. பல் எடுத்ததும் நாங்கள் வழக்கமாக எழுதுவது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள். மைலோமாக்காரருக்கு இது எதுவும் கூடாது. மைலோமா சிறுநீரகத்தைத் தாக்கும், இந்த மாத்திரைகளும் தாக்கும். பாரசிட்டமால் போதும். மைலோமாவுக்கு லெனாலிடோமைடு என்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் கொடுத்திருப்பார்கள். அதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்டில் சேர்ந்த பிறகு பாரசிட்டமாலைக்கூட நர்ஸுக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை மணி.

மெல்ஃபலான் ஏற்றுகிற அன்று ஒரு எளிய வைத்தியம் இருக்கிறது, பல பேருக்குத் தெரியாது. ஐஸ். மருந்து ஏறத் தொடங்க ஐந்து நிமிடம் முன்னால் ஐஸ்கட்டிச் சில்லுகளை வாயில் போட்டு, கரையக் கரைய மாற்றி, மருந்து முடிந்து அரை மணி நேரம் கழியும் வரை வாயைக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்கி மருந்து அங்கே குறைவாகப் போகும். வாய்ப்புண் கணிசமாகக் குறையும். உலக அளவில் பரிந்துரைக்கிற முறை இது. வார்டிலேயே கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். காய்ச்சிய நீரில் செய்த ஐஸாக இருக்க வேண்டும். ஜிகர்தண்டாக் கடை ஐஸ் என்று சிரித்துக்கொண்டே கேட்டவர் ஒருவர் உண்டு. அந்தக் கடை ஐஸ் வேண்டவே வேண்டாம்.

புண் வந்த பிறகு மிருதுவான பிரஷ், காரமில்லாத உணவு. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு போட்டு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளிக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும். செட் பல் இருந்தால் புண் ஆறும் வரை கழற்றி வையுங்கள். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, வேப்பங்குச்சி, கிராம்பு எண்ணெய் மூன்றும் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இருக்கலாம். வெள்ளணு இல்லாத நாட்களில் மூன்றும் வேண்டாம். குச்சி கீறும், கிராம்பு எண்ணெய் சுடும். ஈறிலிருந்து தானாக ரத்தம் கசிந்தால் பிரஷை நிறுத்தி, வார்டில் தரும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

அப்பா வெற்றிலை போடுவாரா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் சோழவந்தான் கொடிக்கால் இருக்கிற ஜில்லாவில் இதைக் கேட்காமல் விட முடியாது. வெற்றிலையைவிடப் பாக்கும் புகையிலையும்தான் சிக்கல். வருடக்கணக்கில் பாக்கு மென்றவருக்கு உட்கன்னம் நார் போல இறுகி வாயே திறக்காது. இரண்டு விரல் நுழையாத வாயில் கடைவாய்ப் பல்லை எடுப்பது எனக்கும் கஷ்டம், வாய்ப்புண் நாட்களில் பல் தேய்ப்பது அவருக்கும் கஷ்டம். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மெதுவாகக் குறைக்கிறேன் என்பார். ஐந்து வாரம்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கடைசியாக, எடுத்த பல்லுக்குப் பதில் பல் கட்டுவது. அப்பா இதைக் கட்டாயம் கேட்பார், மாற்று சிகிச்சையைவிட இதில்தான் ஆண்களுக்குக் கவலை. இப்போது வேண்டாம். ரத்த அளவுகள் எல்லாம் நிலைத்து, ரத்தநோய் மருத்துவர் சம்மதித்த பிறகு, சில மாதம் கழித்துக் கழற்றி மாட்டுகிற பல்லோ பாலம் போன்ற நிலைப் பல்லோ செய்துகொள்ளலாம். கழற்றி மாட்டுவது ஈறை அழுத்தாத அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். அழுத்திப் புண்ணானால் எலும்பு ஊசிக்காரருக்கு அதிலிருந்தும் தாடை வெளியே தெரிய ஆரம்பிக்கலாம். யாராவது இம்ப்ளான்ட் போடலாம் என்று ஆசை காட்டினால், எலும்பு ஊசி எத்தனை தடவை போட்டிருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் என்ற விவரத்தை முதலில் அவர் முன்னால் வையுங்கள். அதைப் பார்த்த பிறகும் தயங்காமல் துளை போடக் கிளம்புகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.